மேற்படி

புளியரைச் சோதனைச்சாவடியில்
லாரிகள் கொஞ்சம் ஓயும் நேரம் இரண்டரை மணி.
ஏழு வருடத்தையும் ஒரே டேப்பில் ஏற்ற வேண்டும்.
இன்னொரு டேப்புக்கான கோப்பு
திருநெல்வேலியில் யார் மேசையிலோ
கையெழுத்துக்குக் கிடக்கிறது.

உறையின் மேல் பெரிதாக எண்ணூறு ஜிபி.
அடியில் எறும்பு எழுத்தில்,
'தரவு பாதியாகச் சுருங்கினால்.'
சுருங்காவிட்டால் நானூறுதான்.
"மட்டையும் சேர்த்து தேங்காய் வித்திருக்கான்"
என்றான் பிரசோபன்.
ஆரியங்காவில் கரண்ட் போனால்
செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற
எல்லை தாண்டி வருபவன்.

பதிவேடுகள் சொன்னபடி கேட்டன.
வைக்கோல், வைக்கோல், கோழி, வைக்கோல்,
பால், வைக்கோல், வைக்கோல்.
முதல் வைக்கோலை மட்டும் எழுதிக்கொண்டு
மிச்சத்துக்கெல்லாம் மேலே கைகாட்டியது நிரல்.
பேனாக் காலத்தில் சுடலைமுத்து சார்
பக்கம் பக்கமாகச் செய்ததும் இதுதான்:
மேற்படி. மேற்படி. மேற்படி.

ஸ்கேன் செய்த பில்கள் இன்னும் சுலபம்.
தாளில் முக்கால்வாசி வெள்ளை.
வெள்ளையை எத்தனை தடவை சொல்வது?

கேமரா படங்கள் மசியவில்லை.
கேமராவுக்குள்ளேயே அழுத்திப் பிழிந்து வந்தவை அவை.
ஒன்றை எடுத்து மறுபடி அழுத்தினேன்,
ஒரு சிட்டிகை பெருத்துவிட்டது.
கட்டின மூட்டையைத் திரும்பக் கட்டினால்
கயிற்றின் எடைதான் கூடும்.

சரி, இறுக்கத்தை ஒன்பதுக்கு ஏற்றினேன்.
சர்வருக்கு மூச்சு வாங்கியது,
டேப்புக்குத் தீனி போதவில்லை.
ஓடி, நின்று, பின்னால் வந்து, மறுபடி ஓடி
எஸ் வளைவில் ஒரே மூச்சில் திரும்ப முடியாத
பதினாலு சக்கர லாரியைப் போல.
கிளீனர் கல்லோடு இறங்காததுதான் பாக்கி.
மூன்றுக்கே இறக்கினேன்.

நாலரைக்கு டேப் நிறைந்தது.
வெளியே பதினோரு ஜிபி.

டீ குடித்தேன். சாரல் ஜன்னல் வழியாக
கீபோர்டு வரை வந்துவிட்டது, துண்டால் மூடினேன்.
அப்புறம்தான் உறைத்தது,
மேற்படிக்கும் ஞாபகம் குட்டை என்று.
சில பக்கம் தாண்டினால் திரும்பிப் பார்க்காது.
நேற்றைய வைக்கோலும் போன வருட வைக்கோலும்
அதற்கு வேறு வேறு.

தேதி வரிசையைக் கலைத்தேன்.
வந்த வரிசை எண்ணை மட்டும் ஓரமாக வைத்துக்கொண்டு
வைக்கோலோடு வைக்கோல்
கோழியோடு கோழி
அகர வரிசையில் அடுக்கினேன்.
ஓடிய திரையில்
மைதாவுக்கும் ரப்பர் ஷீட்டுக்கும் நடுவே
ஒரே ஒரு வரி.

பொருள்: யானை. எண்ணிக்கை: 1.
ஓட்டுநர் பெயர் கட்டத்தில்: மீனாட்சிக்குட்டி.
எடை: போடவில்லை, மேடையில் ஏற மாட்டேன் என்கிறது.
மதிப்பு: (காலி)
குறிப்பு: வண்டியை விட்டு இறங்கி
கேரளாவுக்கு நடந்தே போனது.

நேரம் மூன்று பத்து, ஆவணி மாதம்.
அடித்தவர் குறியீடு என்னுடையது.

எனக்கு நினைவில்லை.
யானையை யாராவது மறப்பார்களா?
அந்த இரவு நூற்றெழுபது வைக்கோல் என்கிறது பதிவு.
நானும் மேற்படி போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

கைகாட்ட மேலே வேறு யானை இல்லாததால்
நிரல் அதை எழுத்தெழுத்தாக எழுதியது.

ஏழு மணிக்கு எல்லாம் ஏறிவிட்டது. மூன்று ஜிபி மிச்சம்.
சரிபார்க்க ஒரு வரியைத் திரும்ப எடுக்க வேண்டும்,
எந்த வரி என்று விதியில் இல்லை.
எடுத்தேன். காலிக் கட்டம் காலியாகவே வந்தது.

டேப்பை டிபன் பாக்ஸில் வைத்து மூடி
ஈரம் புகாமல் ரப்பர் பேண்டு போட்டு
மடியில் வைத்துக்கொண்டேன்.
தென்காசி பஸ். கண்டக்டர் குனிந்து
"லக்கேஜ் ஏதும் இருக்கா?" என்றார்.
இல்லை என்றேன்.